மோட்டார் போட ஓடியதால் தப்பித்தேன்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் மொரப்பூர் பக்கம் சொந்த உழைப்பில் எட்டு ஏக்கர் வாங்கினேன். என்னை ஏமாற்ற ஒருவனும் பிறக்கவில்லை என்று சொல்லித் திரிந்தவன்.

போன மாதம் வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு ஒருவன் வந்தான். "பெங்களூர்ல உன் பையன் பேர்ல போதைப் பார்சல் சிக்கியிருக்கு. அவனைப் புடிச்சு வச்சிருக்கோம். பணம் கட்டலைன்னா இப்பவே ஜெயில்தான். கதவைச் சாத்து, யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்றான்.

தாழ்ப்பாள் போட்டேன். அவன் கேட்டபடி ஏடிஎம் அட்டையிலிருந்த எண்களில் பாதியைப் படித்தும் விட்டேன்.

அப்போது மோட்டார் கொட்டகை விளக்கு எரிவது ஜன்னலில் தெரிந்தது. சில மணி நேரமே கிடைக்கும் மும்முனை மின்சாரம் வந்துவிட்டது! "சார், மோட்டார் போட்டுட்டு வந்துடறேனுங்க" என்று போனைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தால், திறந்து கிடந்த கதவு வழியே வந்து அவன் மிரட்டலைக் கேட்டுவிட்ட என் மனைவி, அந்தப் போனைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு கையிலிருந்த அவள் போனில் பையன் இருந்தான். "எம்புள்ள கம்பெனியில சோறு தின்னுட்டிருக்கான். நீ யாரைடா புடிச்ச?"

போலீஸ் உடுப்புக்காரன் துண்டித்துவிட்டான். அவள் என் பக்கம் திரும்பினாள். "ஊருக்கே புத்தி சொல்றீங்க, பெத்த புள்ளைக்கு ஒரு போன் போடத் தோணலியா?"

இப்போது யார் மிரட்டினாலும் அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, முதலில் பையனிடம் பேசுகிறேன். கதவைச் சாத்தச் சொல்பவன் போலீஸ் இல்லை, திருடன். எங்கள் ஊரில் இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதும் நான்தான்.