எண்ணூரோடு நின்ற பயணம்

எங்கள் வீட்டில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பிய முதல் ஆள் என் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். எந்தப் பெட்டி எந்த நாட்டுக்குப் போகிறது என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் தட்டுவதுதான் வேலை. இரும்புப் பெட்டியெல்லாம் உலகம் சுற்றுகிறது, நான் மட்டும் வீடு இருக்கிற கல்மண்டபத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் கிடக்கிறேன் என்று அவளுக்கு ஒரு குறை இருந்தது.

நான் ஐந்தாவது முடித்த கோடை லீவில் அவள் ஒரு திட்டத்தோடு வந்தாள். முதலில் பழவேற்காடு. அங்கிருந்து சூளூர்ப்பேட்டை, பிறகு நெல்லூர். கடலோரமாகவே மேலே மேலே போய், கையிலிருக்கும் காசு எங்கே தீர்கிறதோ அங்கே திரும்பிவிடுவது. லாட்ஜ் கிடையாது. கூட வேலை பார்த்தவர்கள், எங்கள் மாதா கோயில் பங்கில் இருந்து வேறு ஊருக்குக் குடிபோனவர்கள் என்று வழி நெடுக வீடுகளை யோசித்து வைத்திருந்தாள். துணைக்கு நான்.

அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். வேலை இல்லாமல் ஒருவர் ஓர் இடத்துக்குப் போவார் என்பதை நம்பமாட்டார்.

"அவ்ளோ தூரம் போயி இன்னா பண்ணப் போறே?"

"பாத்துட்டு வருவேன்ணா."

"இன்னாத்த?"

"அது போனாத்தானே தெரியும்."

அம்மா இன்னும் கடுமையாக இருந்தாள். கல்யாணம் ஆகாத பெண், கூட ஒரு குழந்தை, முதுகில் மூட்டை, இதெல்லாம் எந்த ஊர் நியாயம் என்று ஒரு வாரம் பாத்திரங்களோடு சேர்த்து எங்களையும் உருட்டினாள். ஆனால் புறப்படும் காலையில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

ராயபுரத்தில் ரயில் ஏறியிருந்தால் பழவேற்காட்டுக்குப் பஸ் கிடைக்கும் பொன்னேரியில் நேராகப் போய் இறங்கியிருக்கலாம். அத்தைதான் பயணத்தைக் கடலைப் பார்த்தபடி தொடங்க வேண்டும் என்று எண்ணூர் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனாள். கடல் கொஞ்சம் தெரிந்தது. மற்றபடி தெரிந்ததெல்லாம் துறைமுகத்துக்குப் போகக் காத்து நின்ற கண்டெய்னர் லாரிகளின் வரிசை. அத்தை ஒவ்வொரு பெட்டியின் நிறத்தையும் பார்த்து அது எந்த ஊர்க் கம்பெனி என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆபீசை மறக்கக் கிளம்பியவள்.

திடீரென்று அந்த வரிசையிலிருந்து ஒரு லாரி மூக்கை வெளியே நீட்டியது. எங்கள் டிரைவர் இடப்பக்கம் ஒடித்தார். சக்கரம் எதிலோ மோத, ஆட்டோ ஒரு பக்கமாகத் தூக்கி, யோசித்து யோசித்துச் சாய்வதுபோல் மெதுவாகச் சாய்ந்தது. வீடு கட்டுவதற்காக ரோட்டோரம் கொட்டியிருந்த மணலில் போய் விழுந்தோம். அந்த மணலைக் கொட்டியவர் நன்றாக இருக்கட்டும். எனக்கு முகவாயில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் எதிர் சீட்டில் இருந்த மீன்காரம்மாவின் கூடை முழுவதும் என் தலையில் கவிழ்ந்துவிட்டது. சங்கரா மீன்களுக்கு நடுவே உட்கார்ந்து நான் அலறிய அலறலில், குழந்தைக்கு என்னமோ ஆகிவிட்டதென்று எல்லோரும் என்னையே தூக்கினார்கள். அத்தையின் கால் ஆட்டோவுக்கு அடியில் மாட்டியிருப்பதை யாரும் பார்க்கவில்லை. அவள் சத்தமே போடவில்லை.

அதைப் பார்த்தது மீன்காரம்மாதான். மீனை விட்டுவிட்டு, நின்ற லாரிகளிலிருந்து டிரைவர்களைப் பெயர் தெரிந்தவர்போல அதட்டி இறக்கி, ஆட்டோவை நிமிர்த்தவைத்து, அத்தையை இன்னொரு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இட்டுப்போனார். கணுக்காலில் விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டு, ஓர் ஊன்றுகோலும் கொடுத்தார்கள்.

வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்ததும் அத்தை அழுதாள். வலிக்காக இல்லையாம். "இப்ப வூட்டுக்குப் போனா அவ்ளோதான். ஆயுசுக்கும் இனிமே என்ன வாசப்படி தாண்ட விடமாட்டாங்க" என்று மீன்காரம்மாவிடம் சொன்னாள். அவருக்கு அவள் யாரென்றே தெரியாது. எண்ணூர்க் குப்பத்தில் என் வீடு இருக்கிறது, முதலில் சோறு தின்றுவிட்டு அப்புறம் அழு என்று கூட்டிப்போனார்.

அங்கிருந்து அத்தை போன் செய்தாள், அப்பாவுக்கு அல்ல, அம்மாவுக்கு. "அண்ணி, காலு எலும்பு லேசா விரிசல் விட்டுகிச்சு. பாப்பாவுக்கு ஒண்ணியும் இல்ல" என்றாள். மறுபக்கம் அம்மா என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. மத்தியானம் அடுத்த ரயிலில் வந்து இறங்கினாள். புடவை கூட மாற்றாமல், வீட்டில் கட்டியிருந்ததோடு வந்திருந்தாள்.

முதலில் என் முகவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அத்தையைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அவள் தலைமுடியிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். சாயங்கால ரயிலுக்கு எல்லோரும் கிளம்புவது என்று முடிவாயிற்று.

எங்கள் புளிச்சோற்றைப் பிரித்து, மீன்காரம்மாவின் குழம்போடு எல்லோரும் சாப்பிட்டோம். மீன்காரம்மாவின் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அவர் மறுநாள் காலை முகத்துவாரத்தில் படகு எடுப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அத்தையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நெல்லூரு போவாட்டி போவுது. இதயாவது பாத்துட்டுப் போறேன் அண்ணி. பாப்பாவ நீ இட்டுகினு போ" என்றாள்.

"ஒடஞ்ச கால வெச்சிகினு போட்டுல ஏறுவியா? புத்தி கீதா உனுக்கு?"

மீன்காரம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "காலுதானம்மா ஒடஞ்சுது. கண்ணு நல்லாத்தானே கீது?"

 அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு கை கழுவி வந்து, அப்பாவுக்குப் போன் போட்டு, இன்றைக்கு நோயாளியை அசைக்கவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், நாளைக்குத்தான் வருவோம் என்றாள். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அம்மா டாக்டரைப் பார்க்கவே இல்லை.

காலையில் அத்தையின் மாவுக்கட்டைப் பாலிதீன் பையில் சுற்றிக் கட்டி, மீன்காரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் அவளை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். நான் அவள் மடியில் சாய்ந்துகொண்டேன். அம்மா கரையில்தான் நின்றாள். பிறப்பிலிருந்தே கடலோரத்து மனுஷி. அவள் பிறந்த வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். அவள் மட்டும் அதுவரை படகில் கால் வைத்ததில்லை. யாரும் அவளை வா என்றதில்லை. மீன்காரம்மா கையை நீட்டி, "ஏறும்மா, நீ இன்னா வாட்ச்மேனா?" என்றார். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

நான் எதிர்பார்த்தது நீலத் தண்ணீர். முகத்துவாரத்தில் தண்ணீர் சாம்பல் கலந்த பச்சையாக இருந்தது. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் குட்டையான அலையாத்திப் புதர்கள். கழுத்தளவு நீரில் நின்று கையாலேயே தடவி இறால் பிடிப்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கொக்குகள் இருந்தன. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அத்தை ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டினாள். நெல்லூரில் இதைவிட என்ன இருந்துவிடப் போகிறது என்று அவளே சொல்லி, அவளே தலையாட்டிக்கொண்டாள்.

அம்மா எதையும் காட்டவில்லை. படகின் விளிம்பைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தவள், கொஞ்ச நேரத்தில் கையைத் தண்ணீரில் விட்டாள். விரல்களுக்கிடையே நீர் பிரிந்து ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகு திரும்பப் போகும்போது, "இந்தத் தண்ணி எங்கண்ணே போவுது?" என்று கேட்டாள்.

"உள்ளார போயிகினே இருந்தா பழவேற்காடு வரிக்கும் போவும்மா."

"அப்ப இன்னும் கொஞ்சம் போண்ணே."

அவர் போனார். அம்மா மறுபடியும் அதையே சொன்னாள். அவர் மறுபடியும் போனார். மூன்றாவது தடவை டீசல் இல்லை என்று சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது.

சாயங்காலம் எண்ணூர் ஸ்டேஷன் வரை மீன்காரம்மா வந்து வழியனுப்பினார். கொட்டிப்போன மீனைப் பற்றிப் பேச்செடுத்த அத்தையை, "போடி, பெரிய மனுஷி" என்று அடக்கிவிட்டார். ரயிலில் நான் ஜன்னலோரம் தூங்கிப்போனேன்.

ராயபுரத்தில் இறங்கியபோது எனக்கு அகோரப் பசி. வீடு பக்கம்தான்; அப்பா புரோட்டா வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நான் படியை நோக்கி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அம்மா பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "கொஞ்ச நேரம் குந்திட்டுப் போலாம்" என்றாள். அத்தை ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

 கும்மிடிப்பூண்டி வண்டி ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போனது. எண்ணூரைத் தாண்டிப் போகிற வண்டி அது; அதன் கடைசிப் பெட்டி மறையும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். புரோட்டா ஆறிவிடும் என்றேன். அவள் என் தலையைத் தடவினாளே தவிர எழுந்திருக்கவில்லை.

அத்தைக்குக் கால் வலி, அதனால்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.