சாயத்தொட்டி கழுவிய நாள்

எங்கள் நெசவுக் காலனிக்காரர்களுக்குப் பக்தி முற்றினால் புத்தி போய்விடும். ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைக்கட்டும், பொட்டு வைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? சாயத்தொட்டிகளையும் அன்று காலையிலேயே கவிழ்த்துக் கழுவ வேண்டுமாம்! பழைய சாயம் நின்றால் லட்சுமி வரமாட்டாளாம்.

நகரிக்குப் பக்கத்தில் இருக்கிறது காலனி. அதன் சாக்கடை முழுவதும் ஒரு குட்டைக்கு வரும். அங்கே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். தெளிந்ததும் மதகைத் திறந்து கால்வாயில் விடுவது வெங்கடலட்சுமியின் வேலை, பஞ்சாயத்துச் சம்பளம். சாயம் மொத்தமாக விழுந்தால் கிருமிகள் செத்துப்போகும். கால்வாய் போய்ச் சேரும் ஏரிக்கரையில்தான் கீழூர்க்காரர்களின் குடிதண்ணீர்க் கிணறு. போன வருடப் பூஜைக்குப் பிறகு அந்தக் கிணறு நீலமாகி, பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு திரிந்தன. தாய்மார்கள் வெங்கடலட்சுமியிடம் வந்துதான் அழுதார்கள்.

இந்த வருடம் அவள் வீடு வீடாகப் போய், தொட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பூஜையன்று காலை குட்டை ஊதாவாகி நுரைத்தது. அவள் மதகை இறக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மதகின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். குட்டை நிரம்பி, சாக்கடை திரும்பித் தெருவுக்கு வந்தது.

பெரிய சாயக்கொட்டகைக்காரன் ரங்கன், அவள் கூடப்பிறந்த தம்பி, கடப்பாரையோடு வந்தான். பின்னால் நாங்கள் கூட்டமாக.

"அக்கா, சாவிய குடு. தெருவே நாறிக்கினு கீது. நல்ல நேரம் வேற போவுது!"

"தரமாட்டேன். தொட்டி கவுக்கறத நிறுத்து, தண்ணி ஏறாது."

"பாதியில நிறுத்துனா அபசகுனம்க்கா. தனக்கு மிஞ்சித்தான் தானம். கீழூருக்காக நம்ம ஊர முழுக வைப்பியா?"

"மொதல்ல முழுகறது என் வூடுதான்டா. திரும்பிப் பாரு."

குட்டையை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தது அவள் வீடு. ஊதாத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தது. ரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டின்மேல் கடப்பாரையை ஓங்கினான். அவள் பூட்டின்மேல் கையை வைத்தாள்.

"அடி. கையோட சேத்து அடி."

ஐயோ என்று நாங்கள் இரண்டடி பின்வாங்கினோம்! அவள் வீட்டுக்குள்ளே அரிசி மூட்டை நனைந்து சரிந்தது. ரங்கன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கடப்பாரையைப் போட்டுவிட்டு, போனை எடுத்துக் கொட்டகை ஆட்களைக் கூப்பிட்டான்.

"டேய், தொட்டிய நிமித்துங்கடா! போதும்!"

பாதி கழுவிய தொட்டிகளுக்கே பொட்டு வைத்துப் பூஜையை முடித்தோம். சாயங்காலம் டேங்கர் வண்டி வந்து குட்டையை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ரங்கன் பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். அவள் கணுக்கால் தண்ணீரில் நின்று வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அத அங்க வெச்சிட்டு, கீழூர் கெணத்துல ஒரு கொடம் மொண்டுக்கினு வா" என்றாள். "நீயும் நானும் குடிப்போம்."

ரங்கன் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழூருக்கு நடந்தான்.