எழுப்பாமல் வீடு மாற்றுகிறவள்

சமையலறைத் தண்ணீர்க் குழாயை ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மூன்று மூச்சு விடுகிறாள். பிறகு கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குப் போகிறாள். அங்கே நாற்காலியை ஒருமுறை தரையில் தேய்த்து இழுத்தால் போச்சு, எழுந்து வந்து மறுபடியும் குழாய். முதல் தடவை தாகம் போலிருக்கிறது என்று டம்ளரை நீட்டினேன்.

"தண்ணி வேணாம் பெரியம்மா. உடம்புல ஏறியிருக்கிற கரண்ட்டை இறக்கிட்டுப் போறேன். நமக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் உள்ள இருக்கிற போர்டுக்குத் தெரியும்."

அன்று முழுக்க அந்தக் குழாயில் கை கழுவ எனக்குக் கொஞ்சம் யோசனையாகவே இருந்தது.

வயது நாற்பத்தைந்துக்கு ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கும். ஒட்ட வெட்டிய நகம், ஒலியெழுப்பும் நகை எதுவுமில்லாத கை. மூன்று மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறாள்: ஒன்று மூக்கில், ஒன்று உச்சந்தலையில், ஒன்று கழுத்துக் கயிற்றில். திரையைப் பார்க்க ஒன்று, திருகாணியைப் பார்க்க ஒன்று, மனிதர்களைப் பார்க்க ஒன்று. மூன்றாவதை அதிகம் போடுவதில்லை. எங்கள் தெருவில் அவளுக்கு "மூணு கண்ணாடி அக்கா" என்று பெயர். வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவள் தொழில் அதில் ஒரு தனிக் கிளை. மதர்போர்டையும் ப்ராசசரையும் மாற்றுவாள், உள்ளே குடியிருக்கும் எதையும் கலைக்க மாட்டாள். அழித்துவிட்டு மறுபடி போடுகிற பேச்சே அவளிடம் கிடையாது.

அவளைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. வெள்ளத்தில் மூன்று நாள் மூழ்கிக் கிடந்த கம்ப்யூட்டரை அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தாளாம். நாலாம் நாள் அது எழுந்து முதலாளியின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்ததாம். பரப்பியவள் நான்தான். உண்மையில் வெள்ளம் இல்லை, ஒரு டம்ளர் டீ. அரிசி மூட்டையும் நலம் விசாரிப்பும் என் கைச்சரக்கு. எழுந்தது மட்டும் நிஜம். இனிமேல் எழுதப்போவதில் ஒரு சிட்டிகை கைச்சரக்குகூடச் சேர்க்கவில்லை. சேர்க்க இடமே கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது மருமகளின் தொழிலுக்காக. மருமகள் காலணி செய்கிறவள். கோணிய கால், ஒன்றைவிட ஒன்று குட்டையான கால், விரல் மடங்கிப்போன கால் என்று கடைக்காரர்கள் கையை விரித்துவிடுகிற கால்களுக்குத்தான் செய்வாள். முன்னறையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், ஒரு அளவுத்தட்டு கிடக்கிறது. வெறுங்காலோடு அதில் ஏறி நின்றால், பாதத்தில் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்பது கம்ப்யூட்டரில் படமாகிவிடும். பாரம் அதிகமான இடம் சிவப்பு, தரையைத் தொடாத இடம் நீலம். பன்னிரண்டு வருஷமாக நானூற்றுச் சொச்சம் பேர் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

அந்தப் படங்களைத் திறக்க ஒரே ஒரு மென்பொருள்தான் உண்டு. எழுதி விற்ற இரண்டு பேரும் எப்போதோ கடையை மூடிவிட்டு வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். புதுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் முதல் காரியமாக அனுமதி கேட்கும். அனுமதி கொடுக்கிற இடத்தில் ஆளே இல்லை. பழைய கம்ப்யூட்டரோ ஒரு மாதமாகச் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துகொண்டிருந்தது. அந்த மென்பொருளில் ஒரு படம் முழுசாகத் திறப்பதற்குள் திரை இருண்டுவிடும்.

அப்போது பார்த்துத்தான் அந்தச் சிறுமியின் விஷயம் வந்தது. ஒன்பது வயது. இடது கால் உள்பக்கமாகத் திரும்பியது. மூன்று வயதிலிருந்து இந்தத் தட்டில் ஏறுகிறாள். மொத்தம் பதினேழு படம். எலும்பை வெட்டித் திருப்புவதா, காலணியே போதுமா என்று வெள்ளிக்கிழமை மருத்துவர் முடிவு சொல்ல வேண்டும். பதினேழையும் வரிசையாகப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். சிறுமியின் அம்மா தினமும் போன் செய்தாள்.

"இன்னொரு தடவை அளந்தாப் போச்சு" என்றான் என் மகன்.

"இப்ப இருக்கிற காலை அளக்கலாம். மூணு வயசுக் காலை எங்க போய் அளக்கிறது?" என்றாள் மருமகள்.

"அதுவும் சரிதான்" என்றான் அவன். எங்கள் வீட்டில் அபூர்வமாகக் காணக் கிடைக்கும் காட்சி.

மூணு கண்ணாடி முதல் நாள் திருப்புளியைத் தொடவே இல்லை. கோடு போடாத நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மருமகளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கம்மா. நான் இல்லைன்னு வச்சுக்கோங்க." மருமகள் கடவுச்சொல் அடிக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மற்ற நேரம் வரைந்துகொண்டே இருந்தாள். திரையில் எந்தச் சின்னப் படம் எந்த மூலையில், மருமகள் எதை முதலில் திறக்கிறாள், எதை மூடாமலே விட்டுவிடுகிறாள் என்று எல்லாம்.

மகன் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "ரெண்டு மணி நேரமா என்னம்மா பண்றாங்க?"

"படம் வரையறா."

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டா அரை மணி நேர வேலை."

அது அவள் காதில் விழுந்துவிட்டது. "அழிக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும் சார். அதுக்கு நான் வேணாமே" என்றாள், தலையைத் திருப்பாமல். "முக்கியமா என்ன வச்சிருக்கீங்கன்னு கேட்டா எல்லாரும் ரெண்டே ரெண்டுதான் சொல்லுவாங்க. கை போற இடத்தைப் பார்த்தாத்தான் மீதி இருபதும் தெரியும்."

அப்படிப் பார்த்ததில்தான் அளவுத்தட்டின் ஒயர் அவள் கண்ணில் பட்டது. முனையில் ஒன்பது ஓட்டை உள்ள அகலமான செருகி. அதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுக்கு இப்ப வர்ற போர்டுல இடமே இருக்காது. புதுசுலயே கொஞ்சம் பழசாத் தேடணும்." நாலு நாள் தேடினாள். இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மருமகளுக்கே அந்தச் செருகி ஒரு பொருட்டாகத் தெரிந்ததில்லை.

பதினோரு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை உதவியாளராக இருந்தவள் அவள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்வார்கள். போடுவாள். "ஒரு வருஷம் ஸ்கூல் தொறந்த அன்னிக்கு ஒரு பொண்ணு வந்து, 'மிஸ், என் வீடு எங்க'ன்னு கேட்டுச்சு. அதுல வரைஞ்சு வச்ச வீடு பெரியம்மா. ஜன்னல் எல்லாம் வச்சு."  டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

புதன்கிழமை காலை, நாலு அட்டைப்பெட்டிகளோடு வந்து சேர்ந்தாள். முதலில் படங்களெல்லாம் இருக்கும் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தாள். மத்தியானம் வரை இழுத்தது. பிறகு பழைய போர்டைப் பற்றி அந்தக் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினாள். "பழைய வீட்டு அட்ரஸை மறக்கச் சொல்றேன்." கடைசியாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கையில் வைத்துக்கொண்டாள். "தூங்குற கொழந்தையைத் தொட்டிலோட தூக்கிட்டுப் போய் வேற வீட்டுல வைக்கிற மாதிரி இது. முழிச்சுப் பாத்தா எல்லாம் அதது இடத்துல இருக்கணும். இனிமே இந்த வீட்டுல இது கண்ணைத் தொறக்கக் கூடாது."

திருகாணிகளைப் போட்டு வைக்க என் மாத்திரை டப்பாவைக் கேட்டாள். திங்கள் அறையில் காற்றாடித் திருகாணி, செவ்வாயில் டிஸ்க்குத் திருகாணி என்று ஒரு வாரத்துக்கும் நிரப்பினாள். என் ரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு கிண்ணத்தில் அநாதையாகக் கிடந்தன.

பழைய போர்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். சின்னச் சின்ன உருளைகளில் ஐந்தாறு மேல்மூடி புடைத்து நின்றன. "வயிறு உப்பிப் போச்சு பாருங்க. இத்தனை நாள் ஓடினதே பெரிசு." பழைய ப்ராசசர் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது. "பன்னிரண்டு வருஷமா நம்ம வீட்டுல யோசிச்ச ஒரே ஆள் இதுதான்டா" என்றேன் மகனிடம். அவன் சிரிக்கவில்லை. மருமகள் சிரித்தாள்.

புதிய ப்ராசசரை வைக்கிற நேரம் வந்தபோது அறையில் காற்றாடியை நிறுத்தச் சொன்னாள். ஓரத்தில் கடுகளவு முக்கோணம் ஒன்று, போர்டிலும் அதே போல ஒன்று. இரண்டையும் ஒன்றுக்கு நேராக வைத்து விரலை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான். அமுக்கவில்லை. "அதுவா உக்காரணும். நாம உக்கார வச்சா ஏதாவது ஒரு காலை ஒடிச்சிருவோம்." ஆயிரத்துக்கு மேல் தொடுபுள்ளிகளாம். நான் அறுபது வருஷமாக ஊசியில் நூல் கோக்கிறேன். அந்த ஒரு துளைக்கு எவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை நாலு மணிக்கு ஒயர்களெல்லாம் செருகி முடிந்து, பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் காற்றாடிகள் சுற்றின. திரை விழித்தது. அடுத்த நொடி நீலமாகி, வெள்ளை எழுத்துகள் வரிசையாக விழுந்து, தானாக அணைந்தது. மறுபடி எழுந்தது. மறுபடி நீலம்.

 மருமகளின் போன் ஒலித்தது. சிறுமியின் அம்மா. மருமகள் அதைப் பார்த்தபடி நின்றாள்.

"எடுத்துப் பேசுங்கம்மா. ஆறு மணிக்குச் சொல்றேன்னு சொல்லுங்க" என்றாள் மூணு கண்ணாடி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆனால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பதற்றத்தில் கை எதையாவது செய்துவிடக் கூடாது என்பதற்காக அப்படியாம்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தான் மகன்.

"ஏங்க, அந்த டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றாள் மருமகள். நின்றான்.

ஐந்து நிமிஷம் இருக்கும். பெட்டிக்குள்ளே போர்டில் பளபளத்த ஒரு பட்டன் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்லத் தலையாட்டினாள். "என் தப்பு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "டிஸ்க்கோட பழைய பாஷையில பேசணும்னு இந்தப் போர்டுக்கு நேத்தே வீட்ல வச்சுச் சொல்லிக்கொடுத்துட்டேன். கொண்டு வரும்போது பத்திரமா இருக்கட்டும்னு பேட்டரியைக் கழட்டினேன். அதைக் கழட்டினா சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துரும். அது மறந்துச்சு. அது மறந்துரும்ங்கிறதை நான் மறந்துட்டேன்."

கையை விடுவித்து, ஒரு விசையைத் தட்டி, கட்டம் கட்டமான ஒரு பக்கத்துக்குள் போனாள். நாற்பது வரிகளில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். பொத்தான்.

இந்தத் தடவை நீலம் வரவில்லை. மருமகள் திரையில் வைத்திருக்கும் மரக்கட்டைப் பாதங்களின் படம் வந்தது. அதன் மேல் இருபத்திரண்டு சின்னப் படங்களும் அதனதன் மூலையில் வந்து உட்கார்ந்தன. புது ஆட்களை அறிமுகப்படுத்துவது போலக் கம்ப்யூட்டர் நாலைந்து அறிவிப்புகள் சொன்னது, இரண்டு முறை தன்னைத்தானே அணைத்து எழுப்பிக்கொண்டது. அவள் நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். சந்தோஷப்படவில்லை. "இன்னும் அது தொறக்கலையே" என்றாள்.

மருமகள் அந்த மென்பொருளைத் திறந்தாள். திரையில் மணல் கடிகாரம் சுற்றியது.  

அனுமதி கேட்கவில்லை. நீ யார் என்று கேட்கவில்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து எழுந்தது போலத் திறந்துகொண்டது.

பதினேழு படங்களையும் மருமகள் வரிசையாகப் பரப்பினாள். முதலாவது, மூன்று வயது: பிறை போல வளைந்த குட்டிப் பாதம், வெளிவிளிம்பில் மட்டும் ஒரு சிவப்புக் கீற்று, மற்றதெல்லாம் நீலம். அந்தக் கால் இப்போது உலகத்தில் எங்கும் இல்லை. இந்தப் பெட்டிக்குள் மட்டும் இருந்தது. ஐந்தாவதில் சிவப்பு கொஞ்சம் அகன்றது. ஒன்பதாவதில் கட்டைவிரல் தரையைத் தொட்டது. பதினேழாவதில் குதிகால் முழுசாக ஊன்றியிருந்தது. ஆறு வருஷமாக ஒரு குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பூமிக்கு இறங்கி வந்ததை, எல்லோரும் பார்த்தோம். பிறகு பிரிண்டர் ஒவ்வொன்றாகத் தாளில் இறக்கியது. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே மருமகள் போனை எடுத்தாள். "வச்சிருக்கேன். பதினேழும் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். 

பெட்டியை மூடிக் கிளம்பியிருக்கலாம். மூணு கண்ணாடி கிளம்பவில்லை. ஒயரின் அந்த அகலச் செருகியை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். "பழசெல்லாம் ஞாபகம் வச்சிருக்கு. புதுசா ஒண்ணு எழுதிக்குதான்னு பாக்கணும். தட்டுல யாராவது நில்லுங்க."

மருமகள் விசைப்பலகையில் இருந்தாள். மகன் குனிந்து ஷூ கயிற்றோடு மல்லாடத் தொடங்கினான். அவன் அவிழ்த்து முடிப்பதற்குள் மூணு கண்ணாடி தன் காற்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். வெடித்த குதிகால், கொஞ்சம் தூக்கிய கட்டைவிரல்.

"அக்கா, அசையாம நிக்கணும்" என்றாள் மருமகள்.

அவள் தட்டின் மேல் ஏறி, திரைப்பக்கம் பார்க்காமல், இரண்டு கையையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.