சாரங் குருசாமி கட்டிய முடிச்சு

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எதிர்வீட்டிலிருந்து போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். எடுத்தால் குருசாமி அண்ணாச்சியின் மகள் வள்ளி. “சித்தப்பா, அப்பா விடியக்காலம் போயிட்டாக. நெஞ்சு அடைக்குதுன்னாக. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு” என்றாள். சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு என் மனைவியும் கிளம்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் அதிக நேரம் ஆகாது. அன்றைக்கு அந்தப் பாதை முழுக்க எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை. இறந்தவரைப் பற்றி எழுதும்போது நல்லவிதமாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அவரைப் பற்றி நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. மற்றவர்களைப் பற்றித்தான் என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. அவரோடு கப்பலில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். அவர்களில் இரண்டு பேர் கட்டாயம் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

குருசாமி அண்ணாச்சி சரக்குக் கப்பலில் சாரங்காக இருந்தவர். மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர் சாரங். நங்கூரம், கயிறு, பெயின்ட், கழுவல் எல்லாம் அவர் பொறுப்பு. நான் அதே கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரன். கடலே இல்லாத இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு பேர் ஒரே கப்பலில் வந்து சேர்ந்தது அங்கே பலருக்கு வேடிக்கை. எங்களுக்குள் அது வேறு கதை. “ஒங்க ஊர்ல பாலைச் சுண்டக் காய்ச்சுறதத் தவிர ஒனக்கு என்னலே தெரியும்?” என்பார். “ஒங்க ஊர்ல ஆளை விட நாய்க்குத்தான் அண்ணாச்சி மரியாதை” என்பேன். முதல் சில மாதங்கள் அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

எண்பதுகளின் கடைசியில் கப்பல் குப்பைக்குப் புதுச் சட்டம் வந்தது. அதுவரை எல்லாக் கப்பலிலும் ஒரே வழக்கம்தான்: பின்பக்கம் போ, கம்பிக்கு மேலே தூக்கிக் கவிழ். சோறு, எலும்பு, தகர டப்பா, பெயின்ட் வாளி, பிளாஸ்டிக் பை எல்லாம் அந்த ஒரே வழியில் போகும். புதுச் சட்டம் பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும், கரையிலிருந்து எவ்வளவு தள்ளியும் போடக் கூடாது என்றது. உணவு மிச்சத்தை மட்டும் நடுக்கடலில் போடலாம். பிளாஸ்டிக்கைக் கட்டி வைத்துத் துறைமுகத்தில் ஒப்படைக்க வேண்டும். கேப்டன் அந்தச் சுற்றறிக்கையை மெஸ் ரூமில் ஒட்டினார். ஒட்டியதோடு சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அண்ணாச்சி மட்டும் அதை நின்று, எழுத்துக்கூட்டி, கடைசி வரி வரை படித்தார்.

மறுநாள் என் சமையல்கட்டு வாசலில் மூன்று டிரம்கள் நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்திருந்தார். எதில் எதைப் போட வேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு. அரிசி மூட்டையின் உள்பையைச் சோற்றுக் கழிவோடு சேர்த்துப் போட்டதற்காக, டிரம்முக்குள் கையை விட்டு அதை எடுத்து என் முன்னால் பிடித்தார். மாமியார் வந்து அடுப்படியைச் சோதிப்பது மாதிரி இருந்தது எனக்கு. “அம்புட்டுப் பெரிய கடல்ல இந்த ஒரு பை என்ன செஞ்சிரும் அண்ணாச்சி?” என்றேன். அவர் கோபப்படவில்லை. “இது ஒன் பைன்னு அதுல எழுதியிருந்தா போடுவியாலே?” என்றார். பையை அதற்குரிய டிரம்மில் போட்டுவிட்டு அவரே, “போட மாட்ட. குப்பைக்கு ஒரு பேரு இருக்கணும். பேரு இல்லாததுதான் கடலுக்குப் போவுது” என்றார்.

பேர் வைக்கும் வேலையையும் அவரே செய்தார். ராஜபாளையம் பக்கத்துத் தறிகளில் பேண்டேஜ் துணி நெய்வார்கள் அல்லவா, அதன் ஓரத்தில் சிவப்பு நூல் ஓடும். அந்த ஓரத்தை வெட்டி எடுத்த நாடாவைச் சுருள் சுருளாக ஊரிலிருந்து கொண்டு வருவார். கை கால் வெட்டுக்குக் கட்டவும், பிரஷ் கட்டவும், எல்லாவற்றுக்கும் அதுதான். பிளாஸ்டிக் பை நிறைந்ததும் அந்த நாடாவால் வாயைச் சுற்றி, அவருக்கே உரிய ஒரு இரட்டை முடிச்சுப் போட்டு, பின்தளத்து அறையில் அடுக்குவார். அவர் இல்லாதபோது யாராவது ஒரு பையை அவிழ்த்துக் கொட்டிவிட்டுத் திரும்பக் கட்டினால் முடிச்சைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மேல்தளத்து ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இரண்டு பயணம் முடிவதற்குள் என் கை தானாகப் பிரித்துப் போடப் பழகிவிட்டது.

சீஃப் ஆபீசர் மதராஸ்காரர். சட்டைக் காலர் கசங்காத மனிதர். பின்தளத்து அறையில் பைகள் கூரை முட்ட ஏறிக்கொண்டே போனது அவருக்குப் பிடிக்கவில்லை. ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். குப்பையை எடுக்க அங்கே தனி லாரி வரும். அதற்குக் கம்பெனி கட்டணம் கட்ட வேண்டும். “சாரங், ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாங்க. போர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த ரூமை க்ளீன் பண்ணிடுங்க” என்றார். அண்ணாச்சி, “துறைமுகத்துல எறக்கிக் க்ளீன் பண்ணிருதேன் சார்” என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிட்டதாக அண்ணாச்சி நம்பினார். மேலே இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டால் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிற ஆள் அவர்.

துறைமுகத்துக்கு வெளியே இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்களின் வரிசையில் நாங்களும் நங்கூரம் போட்டோம். நங்கூரம் இறங்கும்போது சாரங் கப்பலின் முன்மூக்கில் நிற்க வேண்டும். சமையல்கட்டும் குப்பை அறையும் பின்பக்கம். முன்னால் சங்கிலி கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பின்னால் சீஃப் ஆபீசர் சொல்லி அனுப்பிய இரண்டு ஆட்கள் பைகளை ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளினார்கள். பட்டப்பகல். நான் கரண்டியோடு வெளியே ஓடி வந்து கத்தினேன். ஒருத்தன், “மேல சொன்னாங்க பண்டாரி” என்றான். இன்னொருத்தன் என்னைப் பார்க்கவே இல்லை. சிவப்புக் கரை நாடா கட்டிய பைகள் தண்ணீரில் மிதந்து, கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னபோது அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே பின்பக்கம் வந்து, காலி அறையைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

கப்பல் துறைமுகத்துக்குள் போனதும், உள்ளே வரும் கப்பல்களையெல்லாம் சோதிக்கும் அதிகாரிகள் மூன்று பேர் ஏறினார்கள். கடற்கரையில் ஒதுங்கிய பை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வெளியே எத்தனையோ கப்பல்கள் நின்றன. மற்றவர்கள் தள்ளியதும் அந்தக் கரையில் ஒதுங்கியிருக்கும். அவற்றுக்குப் பேர் இல்லை. எங்கள் பைக்கு இருந்தது. கப்பலில் கிடந்த நாடாச் சுருளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இதைக் கட்டியது யார் என்று கேட்டார்கள். கேப்டன், சீஃப் ஆபீசர், மேல்தளத்து ஆட்கள் எல்லோரும் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணாச்சி முன்னால் வந்து, பையை வாங்கி, முடிச்சைத் தடவிப் பார்த்தார். “இது நான் கட்டுனதுதான்” என்றார். அந்த நேரத்திலும் முடிச்சு அவிழாமல் இருந்ததில் அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. கடலில் தள்ளியது யார் என்று அடுத்த கேள்வி வருவதற்குள், சாரங் ஒத்துக்கொண்டார் என்று கேப்டன் எழுதிவிட்டார். தள்ளியவர்கள் பேரைச் சொல்லாமல் அண்ணாச்சி நடந்ததைச் சொன்னார். நானும் கேப்டன் முன்னால் நின்று, கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். சீஃப் ஆபீசர் சிரித்தார். “ரெண்டு பேரும் ஒரே ஊர் சார்” என்றார். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒரே ஊர் என்று எங்கள் பக்கம் வந்து சொல்லிப் பார்க்கட்டும். தள்ளிய இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குப்பையைக் கடலில் போட மறுத்த ஒரே மனிதனை, குப்பையைக் கடலில் போட்டதற்காக அந்தத் துறைமுகத்திலிருந்தே ஊருக்கு அனுப்பினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு கப்பலின் இறங்குபடி வரை போனேன். “எதுக்கு அண்ணாச்சி வாயத் தொறந்தீக? தெரியாதுன்னு சொல்லியிருந்தா என்ன?” என்று கேட்டேன். “பின்ன, என் முடிச்ச என் முடிச்சு இல்லன்னு சொல்லச் சொல்லுதியா?” என்றார். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

பிறகு, கப்பலுக்கு ஆள் எடுக்கும் பம்பாய் ஏஜென்ட் அவரைக் கூப்பிடவே இல்லை. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியின் குடோனில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சிவப்புக் கரையோடுதான் மிச்சக் காலம் என்று ஆனது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஊர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. கப்பலில் ஏன் வேலை போச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் உள்ளதைச் சொன்னார். ஒருவர்கூட நம்பவில்லை. குப்பைக்காக எவனாவது வேலையை விட்டு அனுப்புவானா? தெருவுக்குத் தெரு குப்பையைக் கண்மாயில் கொட்டுகிற ஊரில் அதை யாரிடம் போய்ச் சொல்வது? கப்பல்காரன் திடீரென்று ஊர் திரும்பினால் தங்கக் கடத்தலாகத்தான் இருக்கும் என்று டீக்கடையில் முடிவு செய்துவிட்டார்கள். அவர் குப்பை என்று சொல்லச் சொல்ல, அவர்கள் கண்ணைச் சிமிட்டினார்கள்.

சேத்தூரிலிருந்து வள்ளிக்கு ஒரு இடம் வந்து, பூ வைக்க நாள் பார்க்கும் வரை போய் நின்றது. விடுமுறையில் வந்திருந்த நான் அண்ணாச்சியோடு சேத்தூர் போனேன். மாப்பிள்ளையின் தாய்மாமா மரியாதையாகத்தான் பேசினார். “தப்பா எடுத்துக்கிடாதீக. கப்பல்ல ஏதோ கேசுன்னு சொல்லுதாக. நாளைக்கு போலீசு அது இதுன்னு வீட்டு வாசலுக்கு வந்துரக் கூடாதுல்லா” என்றார். அண்ணாச்சி முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் விளக்கினார். டிரம், நாடா, முடிச்சு, நங்கூரம் எல்லாம். கேட்டு முடித்துவிட்டு அந்த மனிதர், “சரி, குப்பைதான்னே வச்சுக்கிடுவோம்” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். வள்ளிக்குப் பிறகு வன்னியம்பட்டியில் நல்ல இடம் அமைந்தது. என்றாலும் அந்த நாள் அவரை விட்டுப் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் தொண்ணூறுகளிலும் அதே கம்பெனிக் கப்பல்களில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு வேறு வழி இல்லை, சமைக்கத்தான் தெரியும். ஒரு கப்பலில் ஏறினால், ஒவ்வொரு குப்பைப் பைக்கும் அடையாளம் கட்ட வேண்டும் என்று சுவரில் உத்தரவு. அதைப் பற்றி வகுப்பு எடுக்க ஆபீசிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். அதே மதராஸ்காரர், அதே கசங்காத காலர். கடலைத் தாய் என்றார், எதிர்காலச் சந்ததி என்றார். வகுப்பு முடிந்ததும் நான் போய், “சார், இது குருசாமி சாரங் செஞ்ச வேலையாச்சே” என்றேன். “அந்த ஆளு இன்னும் இருக்காரா?” என்று கேட்டார். இருக்கிறார், அவர்மேல் தப்பில்லை என்று கம்பெனி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். “பழைய குப்பையெல்லாம் எதுக்குக் கிளறுறீங்க?” என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டார். கொடுத்தேன். அது என் வேலை.

இதை ஊருக்கு வந்து அண்ணாச்சியிடம் சொன்னபோது, அவர் ஆபீசரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “முடிச்சு எப்படிப் போடுதாங்க?” என்றுதான் கேட்டார். “முடிச்சா? பிளாஸ்டிக் பட்டைலதான் அண்ணாச்சி மாட்டுதாங்க” என்றேன். குடோன் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். ஊருக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவர் வீட்டு முன்னால் பந்தலில் நல்ல கூட்டம். குடோன்காரர்கள் மாலை கொண்டுவந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டு, “எம்புட்டுத் தங்கம் கொண்டாந்திருப்பாரு. வீட்டுக்குன்னு ஒரு பவுன் ஒதுக்கல பாத்தீகளா, நல்ல மனுசன்” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. “அவிய ஒண்ணும் கொண்டாரலய்யா. குப்பையக் கடல்ல போடாதீகன்னு சொன்னதுக்குத்தான் வேலை போச்சு” என்று கத்திவிட்டேன். பந்தலே திரும்பிப் பார்த்தது. பெரியவர் என் முழங்கையைத் தட்டிக்கொடுத்து, “சரிய்யா, சரிய்யா. எழவு வீட்டுல அந்தப் பேச்சு எதுக்கு?” என்று கண்ணைச் சிமிட்டினார். அண்ணாச்சியை எடுத்த பிறகு, பந்தலில் கிடந்த பிளாஸ்டிக் தம்ளர்களையும் இலைகளையும் மாலைகளையும் ஒன்றாக அள்ளி, கண்மாய்க் கரையில் கொண்டுபோய்த் தட்டினார்கள். வள்ளி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன்.

அந்த இரண்டு பேருக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் பேரை அண்ணாச்சி கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. “புள்ளகுட்டிக்காரங்க, அவங்களே வந்து சொல்லட்டும்” என்பார். நீங்கள் சொல்லாததற்கு உங்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அவர் போய்விட்டார், இனிச் சொல்லியும் பயனில்லை.

என்னிடம் அவருடையதாக மிச்சம் இருப்பது அந்த முடிச்சுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக் குப்பையை இன்றைக்கும் பிரித்து, அவர் கொடுத்த நாடாவில் அதே இரட்டை முடிச்சுப் போட்டுத்தான் வெளியே வைக்கிறேன். நகராட்சி வண்டி வந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறது. எங்கே கொண்டுபோய்த் தட்டுகிறது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே கிடக்கும் பைகளில் யாருடையது என்று தெரியக்கூடியது என் பை ஒன்றுதான். என்றைக்காவது யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வந்து, இது யாருடையது என்று கேட்டால், முன்னால் போய் நின்று, நான் கட்டியதுதான் என்று சொல்வேன். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.