கூடலூரிலிருந்து காந்தலுக்கு, செல்வியோடு

கூடலூர் பாதை பற்றி எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஊசிமலையில் போட்டோ எடுக்கத்தானே? எனக்கு அந்தப் பாதை என்றால் ஒரே ஒரு பயணம்தான். சிலோனிலிருந்து எங்கள் ஜனங்கள் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம், ஒரு ஜூன் மாதம். முன்னாலேயே வந்து ஊட்டி காந்தலில் குடியேறியிருந்த நான், கூடலூருக்கு அப்பால் எஸ்டேட்டில் இருந்த அக்காவின் மகள் செல்வியைக் கூட்டிவரப் போனேன். அவளுக்கு ஆறு வயது.

ஊட்டியிலிருந்து கூடலூர் ஐம்பது கிலோமீட்டர். காலை ஏழு மணி பஸ்ஸில், பைக்காரா, நடுவட்டம் வழியாக இரண்டரை மணி நேரம். அப்புறம் ஜீப். கடைசி இரண்டு மைல் மழையில் நடை, அட்டைக்கடி இலவசம்.

அது கேரள எல்லையோரம்; நடந்து போகிற தூரத்தில் இருந்தது ஒரே பள்ளி, பாடம் மலையாளத்தில். வாத்தியார் ஒருவர், வகுப்பு நாலு. பாஷை புரியாத எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிவிடக் கூடாதென்று, வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்லிவிடுவார்.

“காலையில விரல வச்சா மணியடிக்கிற மட்டும் எடுக்க ஏலாது தம்பி,” என்றாள் அக்கா. “எடுத்தா பெரம்படி. ஒரு வருசமாச்சு, ஒரு எழுத்து தெரியாது. இப்ப லயத்து வீட்டுலயும் வாயத் தொறக்கிறதில்ல. நீ கொண்டுபோயி தமிழ்ல படிக்க வையி.”

கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமுக்கு நான் போய்ப் பார்த்தபோது வாய் ஓயாமல் பேசியவள் இந்தச் செல்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது?

மறுநாள் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூடையோடு போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர், “ஏனுங்க, பாப்பா அழுதுட்டே வருதுங்களே?” என்றார். நடுவட்டம் தாண்டித்தான் செல்வி வாயைத் திறந்தாள்.

“மாமா, அந்தப் பள்ளிக்கூடத்துல நம்ம மாதிரியே பேசுவாங்களா?”

“ஆமா.”

“வாத்தியாருமா?”

“டீச்சரும்தான்.”

அவள் நம்பவில்லை.

பயணக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது. ஜூனில் போகாதீர்கள். வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும், வெறும் வயிற்றோடு ஏற்ற வேண்டாம். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் முதல் நாள் வாசலோடு திரும்பிவிடாதீர்கள்.

காந்தல் பள்ளியில் டீச்சர் குனிந்து, “கண்ணு, உம் பேரென்ன?” என்றார். செல்வி விரலை உதட்டில் வைத்தாள்.

“சொல்லும்மா, தமிழ்லதான கேக்கிறாங்க,” என்றேன்.

அவள் பதறிப்போய், இன்னொரு கையால் என் வாயைப் பொத்தினாள். எனக்கும் அடி விழுந்துவிடும் என்று பயந்துவிட்டாள்.