டேஷ்போர்டில் எழுந்தருளிய கொம்பன்

போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டும் ராதாகிருஷ்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை உண்டு, சங்கத்தில் பதவி இல்லை. பனியை அவர் பார்த்தது கிண்ணத்தில் துருவிப் போடும் ஐஸ் காச்சாங்கில் மட்டும். ஆயினும் ஐரோப்பியப் பனிக்காலப் பேய்களின் குலம் கோத்திரம் அவருக்கு அத்துப்படி. கிறிஸ்துமஸ் சமயத்தில் அடங்காத பிள்ளைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகும் கொம்பு வைத்த ஆசாமி, சோம்பேறிகளின் வயிற்றைக் கிழித்து வைக்கோல் திணிக்கும் கிழவி என்று இருண்ட நாவல்களாகத் தேடிப் படிப்பார். துறைமுக வாசலில் லோரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரமெல்லாம் அவருக்கு வாசிப்பு நேரம். வீட்டில் அதற்கு வழியில்லை. "கொம்பு வச்சதெல்லாம் வாசலுக்கு வெளியிலயே இருக்கட்டும்," என்று மனைவி மலர் தீர்ப்புச் சொல்லி நெடுநாள் ஆயிற்று.

சென்ற டிசம்பரில், பிரிக்பீல்ட்ஸ் பழைய புத்தகக் கடையில் கிடைத்த தடித்த ஆங்கில நாவலொன்றில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. சாக்குக்குள் ஒரு சிறுமி. கட்டு இன்னும் அவிழவில்லை. டீ வாங்கப் போனவர் புத்தகத்தை டேஷ்போர்டில், முனீஸ்வரர் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். அட்டையில் ஆட்டுக்கொம்பு, தொங்கும் நாக்கு, கையில் சங்கிலி.

திரும்பி வந்தால் அதன் முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். பின்னால் நின்ற லோரியின் டிரைவர் பாலன் படியில் ஏறிக் கைகூப்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது எந்த ஊர் சாமி? ஆட்டுத்தல தட்சனா?"

விளக்கம் சொன்னால் அரைமணி போய்விடும். "வடக்க உள்ள சாமிடா. ரொம்பத் துடியானவரு," என்றார் ராதாகிருஷ்ணன். வாழ்நாளில் அவர் செய்த ஒரே சமயப் பணி அது.

அன்றைக்கென்று வரிசை மளமளவென்று நகர்ந்து தொலைத்தது. மறுநாள் அட்டைக்குச் சந்தனம்; அதற்கடுத்த நாள் மாலை, சுருட்டு. பக்கத்து ஊரான மேருவிலிருந்து வரும் டிரைவர்கள்கூட ஊதுவத்தியோடு படியேறினார்கள். வண்டி நின்றால் ஜன்னலில் ஒரு கும்பிடு. இத்தனை பேர் பார்க்கச் சாமியைப் புரட்டுவது எப்படி? சிறுமி சாக்குக்குள்ளேயே கிடந்தாள். ராதாகிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் மாலையைக் கழற்றினார்.

"அண்ணே! சாமிய ஏன் பிரிக்கிறீங்க?" பாலன் பதறினான்.

"சாமி இல்லடா, கதைப் புக்கு. வெள்ளைக்காரன் எழுதுன பேய்க்கதை. இத முடிக்காம எனக்குத் தூக்கம் வரல."

பாலன் படியில் ஏறி உட்கார்ந்தான். "எந்தச் சாமிக்குத்தாண்ணே கதை இல்ல? படிங்க லா, கேப்போம்."

சந்தனம் ஒட்டிய தாள்களைப் பிரித்து, ராதாகிருஷ்ணன் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். சிறுமி சாக்கைக் கிழித்து வெளியே வந்தாள். கொம்பனை அவனுடைய சங்கிலியாலேயே கட்டி, உறைந்த ஏரிக்குள் தள்ளினாள். பனி மூடிக்கொண்டது. முற்றும். ராதாகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார், நெஞ்சு லேசாயிற்று.

"அப்ப செத்துட்டாரா?"

"செத்துட்டாருடா."

பாலன் தொப்பியைக் கழற்றினான். "அவருக்குப் பிள்ளைங்க யாரும் இருக்காங்களாண்ணே?"

"கதையில இல்லையே."

"அப்பக் காரியம் நீங்கதான் செய்யணும். கூட வச்சிருந்தது நீங்கதானே, பாஸ்?"

ஜன்னலுக்கு வெளியே நாலைந்து டிரைவர்கள் தலையாட்டினார்கள். ராதாகிருஷ்ணன் அவசரமாகப் பின்னோக்கிப் புரட்டி, கொம்பனுக்குத் தூரத்து உறவாவது ஒருவர் தேறுவாரா என்று தேடத் தொடங்கினார்.