தட்டுமுட்டு

மந்தைவெளியிலிருந்து கோட்டூர்புரத்துக்கு வீடு மாறியபோது சாமான் ஏற்ற வந்தவர் அவர். நரைத்த மீசை, காதில் செருகிய மார்க்கர் பேனா. உள்ளே இருப்பதைப் பெட்டிமேல் எழுதாமல் எதையும் தூக்கமாட்டார். காபி வடிகட்டி, இடுக்கி, பழைய கரண்டிகள் இருந்த பெட்டியில் நான் 'வேண்டாதது' என்று எழுதியிருந்தேன்.

"வேணாம்னா இன்னாத்துக்கு சார் எடுத்துக்கினு போறீங்க?" என்று அதை அடித்துவிட்டு, 'தட்டுமுட்டு' என்று எழுதினார்.

டிவி லாரியின் பின்பக்கம் ஏறியது. இந்தப் பெட்டியை மட்டும் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டார்.

"டிவி ஒடைஞ்சா கடையில கீது சார். இந்தக் கரண்டி எங்க வாங்கினதுன்னு வூட்டம்மாவுக்கே தெரியாது."

புது வீட்டில் அதைத்தான் முதலில் இறக்கினார். அரை மணியில் காபி தயார். முதல் டம்ளரை என் மனைவி அவருக்குத்தான் கொடுத்தாள். டிவியை நான்கு நாள் யாரும் தேடவில்லை.